சிரட்டைக்கரியும் இரண்டாவது புனலும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீர் மருத்துவம் பற்றி ஏதாவது பேசவேணும். ஆனால் நீரிழிவும் கொலஸ்ரரோலும் வேண்டாம், கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனம்" என்றார். ஆகையால் இன்று நான் கரியைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் அம்மம்மாமார் ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்ட அதே சிரட்டைக்கரிதான்.

1997ஆம் ஆண்டு. வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை பாதி இல்லாத ஆய்வுகூடத்தில் உயர்தர இரசாயனம் படித்துக்கொண்டிருந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். இரசாயனப் பொருள்கள் என்று சொல்ல அலுமாரியில் அதிகம் இருக்கவில்லை. ஒருநாள் எங்கள் இரசாயன ரீச்சர் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் சிரட்டைக்கரி கொண்டுவந்தார். அதை இடித்துத் தூளாக்கி, புனலிலே பஞ்சு வைத்து, அதன்மேல் தூளைப் பரப்பினார். பேனை மை கலந்த நீல நிறத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். கீழே முகவையில் விழுந்தது ஏறக்குறைய நிறமற்ற தண்ணீர். எல்லோரும் கைதட்டினோம்.

வகுப்பிலே ஒரு வாய்க்காரி எழும்பி, "ரீச்சர், அதைப் பஞ்சும் செய்திருக்கலாந்தானே?" என்று கேட்டாள். அந்த வாய்க்காரி நான்தான். அடி விழும் என்று நினைத்தேன். ரீச்சர் சிரித்தார். இன்னொரு புனலை எடுத்தார். அதிலே பஞ்சு மட்டும் வைத்து, அதே தண்ணீரை ஊற்றினார். நீலமாகவே இறங்கியது. "இரண்டாவது புனலைப் பார்க்காமல் முதலாவது புனலை நம்பக்கூடாது" என்றார். பரீட்சைக்காக அந்த வசனத்தைக் குறித்து வைத்தேன். அதன் முழு அர்த்தம் விளங்கப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கரி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சிரட்டையைக் காற்றுப் படாமல் எரித்தால் கரி கிடைக்கும். அந்தக் கரியை 800 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் நீராவியோடு சேர்த்துச் சூடாக்கினால், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் அதனுள்ளே திறந்துகொள்ளும். இதைத்தான் செயலூட்டிய கரி என்கிறோம். ஆங்கிலத்தில் அக்ரிவேற்றட் சாக்கோல். அந்தத் துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால், ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் வரும். எங்கள் கணக்கில் சொன்னால் நாலு பரப்புக் காணி. ஒரு தேக்கரண்டிக்குள் நாலு பரப்புக் காணி! விஷம் அருந்திய வளர்ந்த ஒருவருக்கு நாங்கள் கொடுக்கும் 50 கிராமில் இருநூறு பரப்பு இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு ஏக்கர்.

இந்தச் சுவர்களில் மற்றப் பொருள்களின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. கடற்பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது அகத்துறிஞ்சல். கரி தன் மேற்பரப்பிலே பிடித்துவைப்பது புறத்துறிஞ்சல். உயர்தரத்தில் இந்த இரண்டு சொல்லையும் மாறி எழுதிப் புள்ளி இழந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஆய்வுகூடங்களிலே இந்தக் குணத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. றோசலின் யலோ என்ற அமெரிக்கப் பெண்மணி, சொலமன் பெர்சன் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலே மிக மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஓமோன்களை அளக்க வழி கண்டார். 1977இல் நோபல் பரிசு பெற்றார். மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். அவர்களுடைய முறையில், பிறபொருளெதிரியோடு சேர்ந்த ஓமோனையும் சேராமல் தனித்து நிற்கும் ஓமோனையும் பிரிக்க வேண்டும். 1960களில் அதற்கு வந்த எளிய வழிகளில் ஒன்று, டெக்ஸ்ரான் என்ற மாச்சத்துப் போன்ற பொருளால் போர்த்திய கரி. சிறிய மூலக்கூறு கரியின் துளைக்குள் புகுந்துவிடும். பெரியது வெளியே நிற்கும். சுழற்றிக் கரியை அடியில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது.

மார்பகப் புற்றுநோய்க் கலங்களை ஆராய்பவர்கள் அவற்றைக் கன்றின் சீரத்தில் வளர்க்கிறார்கள். அந்தச் சீரத்தில் இயற்கையாகவே ஈத்திரசன் போன்ற ஓமோன்கள் இருக்கும். அவை இருந்தால் மருந்து வேலை செய்ததா, ஓமோன் வேலை செய்ததா என்று தெரியாது. ஆகவே முதலில் கரியைக் கொண்டு அந்த ஓமோன்களை அகற்றிவிடுகிறார்கள். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவுக்குக் காரணமான பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் நன்றாக வளர்த்தெடுக்க உதவிய ஊடகத்திலும் கரி இருக்கிறது. நம் நாட்டில் லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தினர் தென்னையின் முளைய இழையங்களைப் போத்தலில் வளர்க்கும்போதும் ஊடகத்தில் கரி சேர்க்கிறார்கள். வெட்டிய இழையம் கறுத்துப்போகச் செய்யும் பொருள்களைக் கரி பிடித்துக்கொள்ளும். சிரட்டையில் செய்த கரி, தென்னம்பிள்ளை வளர்க்க உதவுகிறது.

ஆனால் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. கரி நல்லது கெட்டது அறியாது. இழையத்தைக் கெடுக்கும் பொருளைப் பிடிப்பது போலவே, அது வளர்வதற்கு நாங்கள் சேர்த்த வளர்ச்சிப் பொருளையும் பிடித்துக்கொள்ளும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்திருக்கும் தோழிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே கடைகளில் "உடலைச் சுத்திகரிக்கும்" என்று கரிக் குளிசை விற்கிறார்கள். கறுப்பு ஐஸ்கிறீம் கூட வந்துவிட்டது. நீங்கள் காலையில் போடும் மருந்துக் குளிசையையும் அந்தக் கரி பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். சுகமாக இருப்பவரின் உடலைச் சுத்திகரிக்க ஈரலும் சிறுநீரகமும் போதும்.

இனி நான் தள்ளிப்போட்ட கதைக்கு வருகிறேன்.

விஷத்துக்குக் கரி மருந்து என்ற எண்ணம் பழையது. 1831இல் தூவேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர் மருத்துவ அறிஞர்கள் முன்னிலையில் ஒரு கொடிய நஞ்சைக் கரியோடு கலந்து விழுங்கிவிட்டு உயிரோடு நின்று காட்டினார் என்று மருத்துவ வரலாறு சொல்லும். பார்த்தவர்களுக்கு வேறு நிரூபணம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் நஞ்சையும் கரியையும் ஒன்றாக விழுங்கினார். எங்கள் வைத்தியசாலைகளுக்கு வருபவர்களோ விஷம் உள்ளே போய் மணித்தியாலங்கள் கழித்து, ட்ரக்டரிலும் முச்சக்கர வண்டியிலும் வந்து சேர்பவர்கள். அவர்களுக்கும் கரி உதவுமா? இரண்டாவது புனல் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த இரண்டாவது புனலை உலகத்துக்கு வைத்துக் காட்டியது இலங்கை. அதற்குத் துயரமான காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை வீதம் உள்ள நாடுகளில் ஒன்றாக நாம் இருந்தோம். ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர். பெரும்பாலும் பூச்சிநாசினி. வடக்கிலே 1980களின் தொடக்கத்தில் வேலியோரத்தில் வளரும் ஒரு பூச்செடியின் விதையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு பெண் பிள்ளைகளின் கதையைப் பத்திரிகைகள் விபரமாக எழுதிய பிறகே அந்த வழக்கம் பரவியது என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் செடியின் பெயரை இங்கே நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அந்த விதையை உட்கொண்ட 401 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2003இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. எல்லோருக்கும் முதலில் ஒரு தடவை கரி கொடுத்தார்கள். பிறகு பாதிப்பேருக்கு மூன்று நாள்கள் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கரி. மற்றப் பாதிப்பேருக்கு வெறும் தண்ணீர். கரி பெற்றவர்களில் 5 பேர் இறந்தார்கள். தண்ணீர் பெற்றவர்களில் 16 பேர் இறந்தார்கள். கரி வென்றது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

பிறகு இன்னும் பெரிய ஆய்வு ஒன்று அனுராதபுரம், பொலனறுவை, குருநாகல் ஆகிய மூன்று வைத்தியசாலைகளிலும் நடந்தது. 4632 நோயாளிகள். பாதிப்பேர் பூச்சிநாசினி அருந்தியவர்கள், மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலானோர் அந்த விதையை உண்டவர்கள். ஒரு குழுவுக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒன்றாக ஆறு தடவை கரி, ஒரு குழுவுக்கு ஒரு தடவை மட்டும், மூன்றாவது குழுவுக்குக் கரியே இல்லை. மற்றப் பராமரிப்பு எல்லாருக்கும் கிடைத்தது. 2008இல் முடிவு வெளிவந்தது. ஆறு தடவை கரி பெற்ற 1531 பேரில் 97 பேர் இறந்தார்கள். கரியே பெறாத 1529 பேரில் 105 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஆறு, ஏழு பேர் என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தோடு வந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தும், இன்ன விஷம் என்று பிரித்துப் பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை.

முதல் ஆய்வுக்கும் இதற்கும் ஏன் இந்த முரண் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கொடுத்த அளவும் வேறு, கொடுத்த காலமும் வேறு. ஆனால் வருகிற எல்லோருக்கும் வழமையாகக் கரி பருக்குவதால் உயிர்கள் காப்பாற்றப்படுவதில்லை என்பது தெளிவாகியது. சில மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து, நல்ல நினைவோடு இருக்கும் நோயாளிக்குக் கரிக்கு இன்றும் இடமுண்டு. மதுசாரம், இரும்புக் குளிசை, அமிலம், காரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு அதனால் பயனில்லை. ஒருபோதும் வீட்டில் வைத்துக் கரியோ வேறெதுவுமோ பருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை.

2007இல் நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தேன். ஓர் இரவு பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பாடசாலைச் சீருடை கூட மாற்றியிருக்கவில்லை. அவள் எதை அருந்தினாள் என்பது இங்கே தேவையில்லை. அரைத் தூக்கத்தில் இருந்தாள். அந்த நாளில் எங்கள் வாட்டில் வருபவர் எல்லோருக்கும் கரி கொடுப்பது வழக்கம். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் பருக்கினேன். அவள் சத்தி எடுத்தாள். அந்தக் கறுப்புத் தண்ணீர் அவளுடைய நுரையீரலுக்குள் போய்விட்டது.

பதினொரு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தாள். அவள் அருந்தியது அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருக்காது. நான் பருக்கியதுதான் கொண்டுபோனது. எனக்குப் பெரியவர்கள் யாரும் ஏசவில்லை. "வழமையாகச் செய்வதைத்தானே செய்தீர்" என்று தேற்றினார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. கரியை வழமையாகக் கொடுக்கக்கூடாது, நினைவு தடுமாறுபவருக்கு அது ஆபத்து என்று சர்வதேச விஷமருந்தியல் அமைப்புகள் 1997இலேயே எழுதிவிட்டன. எங்கள் ரீச்சர் இரண்டு புனல் வைத்துக் காட்டிய அதே ஆண்டு. நான் அதைத் தேடி வாசித்திருக்கவில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பதை நிரூபணமாக எடுத்துக்கொண்டேன்.

அவள் பிழைத்தாள். குழாயை எடுத்து மூன்றாம் நாள், காலையில் நான் நாடி பார்க்கப் போனபோது, கரகரத்த குரலில் சொன்னாள்: "எல்லாரும் குடி, குடி எண்டுதான் சொன்னியள் டொக்டர். என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

அன்று நான் கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் சொன்னது அவளுடைய கதை. அதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. கேட்டு முடிக்க இருபது நிமிடம் சென்றது. இருபது நிமிடம்தான். அதற்கு முதல் நாளே யாராவது அவளுக்கு அந்த இருபது நிமிடத்தைக் கொடுத்திருந்தால் அவள் எங்கள் வாட்டுக்கு வந்திருக்கமாட்டாள் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு அந்த 4632 பேரின் ஆய்வு வெளிவந்தபோது, இரவுக் கடமையில் இருந்து வாசித்தேன். அந்த நோயாளிகளில் பலர் வன்னியெல்லைக்கு அப்பால் வயல் செய்த ஏழை மக்கள். அவர்கள் பேசிய மொழி பெரும்பாலும் வேறு. அவர்களுடைய பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஆனால் இன்று உலகின் எந்த மூலையிலும் ஒரு வைத்தியர் அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயைப் பலவந்தமாகத் திறக்காமல் நிறுத்திக்கொண்டால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. "இது பயன் தரவில்லை" என்ற பதிலும் ஒரு கொடைதான்.

அப்படியானால் உயிர்களைக் காத்தது எது? மிகக் கொடிய பூச்சிநாசினிகளை 1995இலிருந்து அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்றை நிறுத்தியது. 2005ஆம் ஆண்டளவிலேயே தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்துவிட்டது. 1995க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வாட்டில் நாங்கள் விஷத்தை வயிற்றிலிருந்து எடுக்கப் பட்ட பாட்டைவிட, அதைக் கடைத் தட்டிலிருந்து எடுத்தது பெரிய வைத்தியம். ஏனென்றால் அந்த எண்ணம் பலருக்கு ஒரு கொஞ்ச நேரத்து எண்ணம். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் விஷம் இல்லாமலும், பேச ஒருவர் இருந்தும் விட்டால், பிள்ளை தப்பிவிடும்.

இதனால்தான் கரியைப் பற்றிப் பேச வந்தேன். இந்தச் சங்கம் நூறு ஆண்டுகளில் இக்கல்லூரிக்கு எவ்வளவோ செய்திருக்கிறது. நூற்றாண்டு நினைவாக என்ன செய்வது என்று செயற்குழு ஆலோசிக்கிறது என்று அறிகிறேன். வளைவு கட்டலாம், மண்டபத்துக்குப் பளிங்கு போடலாம் என்ற யோசனைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் இன்னொரு யோசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுநேர உளவளத்துணையாளர் ஒருவருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம். கதவு மூடக்கூடிய சின்ன அறை ஒன்று, இரண்டு கதிரை. பரீட்சை முடிவு வரும் நாள்களில் அந்த அறை இரவு வரைக்கும் திறந்திருக்க வேண்டும். ஐந்தாவது ஆண்டில், அது பிள்ளைகளுக்குப் பயன் தந்ததா என்று கண்ணை மூடிப் புகழாமல் கணக்குப் பார்ப்போம். பயன் தரவில்லையென்றால் வேறு வழி தேடுவோம். எங்கள் ரீச்சருக்கு அதுதான் பிடிக்கும்.

என் பங்காக, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் நான் வருவேன். வைத்தியசாலையிலிருந்து இங்கே வர ஒரு மணித்தியாலம்தான்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மனம் தாங்காத நேரம் வந்தால், அம்மாவோ ரீச்சரோ சிநேகிதியோ, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். யாருமில்லை என்று தோன்றினால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். உங்கள் சிநேகிதி சில நாளாகப் பேச்சில்லாமல் இருந்தால், "என்ன நடந்தது?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டதால் யாரும் கெட்டுப்போனதில்லை.

எங்கள் ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்கு இப்போது காது சற்று மந்தம். நான் சொன்னது முழுவதும் கேட்டிருக்காது. கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய் இருந்து, ஆறுதலாகத் திரும்பச் சொல்வேன்.